நீர் போய்விடும், உப்பு தங்கிவிடும்: வீட்டுச் செடிகளுக்கான தண்ணீர் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்திருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: செடி வாடவில்லை, பூச்சியும் இல்லை, ஆனால் இலை மட்டும் ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே வருகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு, தண்ணீர் பற்றியவற்றுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் கலாத்தியாவின் இலை நுனிகள் பழுப்பாகிக் காய்கின்றன. குழாய் நீரை இரவு முழுவதும் திறந்த வாளியில் பிடித்து வைத்து, காலையில்தான் ஊற்றுகிறேன். ஒரு நாளும் தவறியதில்லை. பிறகும் ஏன் இப்படி ஆகிறது?

பதில்: இரவு பிடித்து வைத்த நீர் செடிக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நானும் ஒரு டிரசீனாவுக்குப் பல ஆண்டுகள் அப்படியே ஊற்றி, அதன் இலை கருகியதற்குக் காற்றையும் வெயிலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தவன்தான். திறந்த வாளியில் வைப்பதால் நீரைவிட்டு வெளியேறுவது குளோரின் மட்டுமே. குடிநீரில் கிருமிநீக்கத்துக்காகச் சேர்க்கப்படும் அளவுள்ள குளோரின் இலை நுனியைக் கருக்குவது அரிது. குளோரினுக்குப் பதிலாகக் குளோரமின் சேர்க்கப்படும் நீராக இருந்தால், அது ஓர் இரவில் போய்விடுவதும் இல்லை. கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, ஃபுளோரைடு முதலியவை ஆவியாகாதவை. வாளியை ஒரு வாரம் வைத்திருந்தாலும் அவை அப்படியே இருக்கும். சொல்லப்போனால், நீர் கொஞ்சம் ஆவியாகிக் குறைவதால் அவற்றின் செறிவு இம்மியளவு கூடவே செய்யும்.

வேர் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பகுதி இலையின் வழியே ஆவியாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. அந்த நீரோடு கரைந்து வந்த உப்புகளோ காற்றில் கலப்பதில்லை. நரம்புகள் முடிகிற இடமான இலையின் நுனியிலும் விளிம்பிலும் அவை தேங்குகின்றன. தேக்கம் ஓர் அளவைத் தாண்டும்போது அங்குள்ள திசு செத்துப் பழுப்பாகிறது. கருகிய ஓர் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். பழுப்புப் பகுதிக்கும் பச்சைப் பகுதிக்கும் நடுவே நூல் பருமனில் ஒரு மஞ்சள் கோடு விளிம்பை ஒட்டியே ஓடினால், வெளியிலிருந்து காய்ந்ததைவிட உள்ளிருந்து உப்பு சேர்ந்திருக்கவே வாய்ப்பு அதிகம். முதிர்ந்த இலைகளில் இது கூடுதலாகவும் இளம் இலைகளில் குறைவாகவும் இருப்பது அந்த ஐயத்தை உறுதிப்படுத்தும், ஏனென்றால் முதிர்ந்த இலையின் வழியாகத்தான் அதிக நாள் நீர் போயிருக்கிறது.

கலாத்தியா, மராந்தா, டிரசீனா, கார்டிலைன், ஸ்பைடர் பிளான்ட் ஆகியவற்றுக்கு ஃபுளோரைடு தனியாகவே ஒரு பகை. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அதற்கும் கீழே, மனிதருக்கு எந்தக் கேடும் செய்யாத அளவிலேயே டிரசீனாவின் இலை நுனி கருகத் தொடங்கிவிடும். மண் கலவை அமிலத்தன்மை கூடியதாக இருந்தால் செடி ஃபுளோரைடை அதிகமாக ஈர்க்கும் என்பதால், இவ்வகைச் செடிகளுக்கு பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு; 7க்குக் கீழ் அமிலம், மேல் காரம்) 6 முதல் 6.5 வரை இருக்கும் கலவை ஏற்றது. சூப்பர் பாஸ்பேட் உரத்திலும் ஃபுளோரைடு உண்டு. ஆகவே அதை இவற்றின் தொட்டியில் போட வேண்டாம்.

எனினும், உங்கள் கடிதத்தில் "ஒரு நாளும் தவறியதில்லை" என்ற வரி என்னை உறுத்துகிறது. மேல்மண் ஒரு விரற்கணு ஆழத்துக்கு உலரும் முன்பே நாள்தோறும் ஊற்றினால், எவ்வளவு தூய நீராக இருந்தாலும் வேர் அழுகும். அழுகிய வேராலும் இலை நுனி கருகும். முதலில் தொட்டியைச் சாய்த்து வேரைப் பாருங்கள். வேர் வெளிறிய நிறத்தில் உறுதியாக இருந்தால், நீரை மாற்றுங்கள். கருகிய பகுதி மீண்டும் பச்சையாகாது. நீரை மாற்றிய பிறகு வரும் இரண்டு மூன்று புதிய இலைகளை வைத்தே பலனைக் கணிக்க வேண்டும்.

கேள்வி: டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். எங்கள் நீர் 420 காட்டுகிறது. இது அதிகமா?

பதில்: எந்தச் செடிக்கு என்பதைப் பொறுத்தது. அந்தக் கருவி உப்பை எடை போடுவதில்லை. நீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதை அளந்து, அதிலிருந்து கரைந்துள்ள உப்பின் மொத்த அளவை மதிப்பிட்டு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறது. மொத்தம் 420 என்று சொல்லுமே தவிர, அதில் எத்தனை பங்கு கால்சியம், எத்தனை பங்கு சோடியம் என்று அதற்குத் தெரியாது. செடிக்கு இந்த வேறுபாடு பெரியது. கால்சியத்தில் ஒரு பகுதியைச் செடி உணவாகக் கொள்ளும். சோடியமோ பெரும்பாலான செடிகளுக்கு வெறும் சுமை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருந்தாலும் மீட்டரில் அது கண்ணுக்கே படாது.

என் அனுபவக் கணக்கு இது: பூச்சியுண்ணும் செடிகளுக்கு 50க்குக் கீழ்; கலாத்தியா, ஆர்க்கிட், மெய்டன்ஹேர் பெரணி போன்றவற்றுக்கு 150க்குள்; மணி பிளான்ட், பாம்புச் செடி போன்றவை 400ஐயும் பொருட்படுத்தாமல் வளரும், ஆனால் அவற்றின் தொட்டிகளையும் அவ்வப்போது அலச வேண்டும். உங்கள் 420 மணி பிளான்டுக்குப் போதும், கலாத்தியாவுக்கு ஆகாது.

மீட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. கழுவித் துடைத்த கண்ணாடித் தகட்டில் உங்கள் நீரில் ஐந்து சொட்டும், சற்றுத் தள்ளி மழைநீரில் ஐந்து சொட்டும் விட்டு, தூசு படாமல் உலர விடுங்கள். உலர்ந்தபின் தகட்டைக் கறுப்புத் துணியின் மேல் வைத்துப் பார்த்தால், மழைநீர் இருந்த இடம் ஏறக்குறைய தெளிவாக இருக்க, மற்ற இடத்தில் ஓரம் தடித்த வெள்ளை வளையங்கள் தெரியும். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் தொட்டி மண்ணில் அதுதான் நடக்கிறது.

கேள்வி: கொதிக்க வைத்து ஆற்றிய நீர் பயன்படுமா?

பதில்: ஓரளவுக்கு. கால்சியம் பைகார்பனேட்டால் வரும் தற்காலிகக் கடினத்தன்மை கொதிக்கும்போது சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பாத்திரத்தின் அடியில் ஒட்டும் வெள்ளைப் படலம் அதுவே. ஆறிய பின் கலக்காமல் மேல்நீரை மட்டும் இறுத்து எடுத்தால் கடினத்தன்மை குறைந்திருக்கும். ஆனால் சல்பேட், குளோரைடு, சோடியம், ஃபுளோரைடு ஆகியவை கொதித்தாலும் போகாமல், நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். எரிபொருள் செலவை நினைத்தால், இதை நான் ஒரு வழியாகவே கருதுவதில்லை.

கேள்வி: வீட்டில் ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறது. சுத்திகரித்த நீரைச் செடிக்கு ஊற்றலாமா? அது வெளியேற்றும் கழிவுநீர் வாளி வாளியாக வீணாகிறதே, அதைச் செடிக்கு விடலாமா?

பதில்: முதல் கேள்விக்கு ஆம், இரண்டாவதற்கு, மென்மையான தொட்டிச் செடிகளைப் பொறுத்தவரை, இல்லை.

கழிவுநீரை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் சிக்கனமான மனம் முதலில் அங்கேதான் போகும். இயந்திரம் 400 அளவுள்ள நீரை 4 லிட்டர் உள்வாங்கி, 20 அளவுள்ள நீரை 1 லிட்டர் தருகிறது என்று கொள்வோம். உள்ளே போன உப்பு 1,600 மில்லிகிராம். நல்ல நீரோடு வந்தது 20 மட்டுமே. மீதமுள்ள 1,580 மில்லிகிராமும் 3 லிட்டர் கழிவுநீரில் இருக்கிறது. லிட்டருக்கு ஏறக்குறைய 527. எந்த நீர் ஆகாது என்று இயந்திரம் வாங்கினீர்களோ, அதைவிட உப்பான நீரை மூடிய தொட்டிக்குள் ஊற்றுவது என்ன நியாயம்? தரை கழுவ, துணி அலசும் முதல் தண்ணீருக்கு, நிலத்தில் வேரூன்றிய பெரிய மரங்களுக்கு எப்போதாவது என்று அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

சுத்திகரித்த நீரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இரண்டு. சில இயந்திரங்கள் சுவைக்காகத் தாதுக்களை மீண்டும் சேர்க்கின்றன, அல்லது சுத்திகரிக்காத நீரில் கொஞ்சம் கலந்துவிடுகின்றன; ஆகவே "ஆர்.ஓ. நீர்" என்ற பெயரை நம்பாமல், இயந்திரத்திலிருந்து வருவதை மீட்டரில் பாருங்கள். அடுத்து, உப்பில்லாத நீரில் கால்சியமும் மக்னீசியமும் இல்லை. பூச்சியுண்ணும் செடிகளைத் தவிர மற்றவற்றுக்கு அதை மட்டுமே ஊற்றி வந்தால், சில மாதங்களில் அந்தக் குறை இலைகளில் தெரியத் தொடங்கும். இவ்விரண்டு சத்தும் அடங்கிய உரத்தை மிக நீர்த்த அளவில் கொடுக்கலாம்; அல்லது குழாய் நீரையே கலந்துகொள்ளலாம். 400 அளவுள்ள குழாய் நீர் ஒரு பங்கு, 20 அளவுள்ள ஆர்.ஓ. நீர் மூன்று பங்கு என்று கலந்தால் கிடைப்பது 115. கலாத்தியாவுக்கு இதைவிட நல்ல நீரை நான் தேட மாட்டேன்.

கரி வடிகட்டி மட்டும் உள்ள இயந்திரத்தின் நீர் ஆகுமா என்று கேட்டு இன்னொருவரும் எழுதியிருக்கிறார். கரி வடிகட்டி குளோரினையும் வாடையையும் நீக்கும். கரைந்த உப்பை அது தொடாது.

கேள்வி: கடின நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி பொருத்தியிருக்கிறோம். மென்நீர் செடிகளுக்கும் நல்லதுதானே?

பதில்: பெயர் ஏமாற்றுகிறது. அந்தக் கருவி உப்பை நீக்குவதில்லை, மாற்றிக்கொடுக்கிறது: கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், செடி மெலியும். கருவிக்கு முன்னால் ஒரு குழாய் இருந்தால், அதிலிருந்து வரும் கடின நீரே இதைவிட மேல்.

கேள்வி: ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரைச் சேகரித்துச் செடிகளுக்கு விடுகிறேன். தவறா?

பதில்: தவறில்லை, எச்சரிக்கை வேண்டும். காற்றின் ஈரம் குளிர்ந்து நீராவதால் அதில் உப்பு மிகக் குறைவு. மீட்டரில் பெரும்பாலும் மழைநீருக்கு நிகரான எண்ணைக் காட்டும். ஆனால் அது குளிர்ச் சுருளின் உலோகத்தின் மேல் ஓடி, தூசும் பூஞ்சையும் படிந்த தட்டின் வழியே வருகிறது. செம்புச் சுவடு கலந்திருக்கக்கூடும் என்பதால், செம்பு சிறிதும் ஆகாத பிரொமீலியா இனத்துக்கும், அதைச் சேர்ந்த டில்லான்சியா என்னும் ஏர் பிளான்டுக்கும் இதை நான் பயன்படுத்துவதில்லை. டில்லான்சியா இலையாலேயே நீர் குடிக்கும் செடி, அதற்கு மழைநீர்தான் பொருத்தம். கருவியை ரசாயனம் தெளித்துச் சுத்தம் செய்த பிறகு சில நாள்களுக்கு வரும் நீரைக் கொட்டிவிடுங்கள். மற்றபடி, மண்ணில் ஊற்றலாம். இலையில் தெளிக்க வேண்டாம்.

கேள்வி: வீனஸ் ஃபிளைட்ராப் வாங்கி, நல்ல செம்மண்ணும் உரமும் இட்டு, குழாய் நீர் ஊற்றி வளர்த்தேன். ஒரே மாதத்தில் கறுத்துவிட்டது. எங்கே பிழை?

பதில்: மண், உரம், நீர் மூன்றுமே பிழை, மூன்றும் அன்பினால் செய்த பிழைகள். அந்தச் செடி இயற்கையில் வளர்வது அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரச் சமவெளியில், மணலும் பீட் எனப்படும் மட்கிய பாசியும் கலந்த, ஏறக்குறைய சத்தே இல்லாத ஈரநிலத்தில். மண்ணில் கிடைக்காத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பழகிய செடிக்கு, உப்பையும் உரத்தையும் தாங்கும் வேர் தேவைப்படவில்லை. நாம் ஊட்டம் என்று நினைத்துக் கொடுப்பது அதன் வேரைச் சுடுகிறது.

உரம் கலக்காத பீட்டும், பெர்லைட் என்னும் பொரிந்த வெண்கல் துகளும் சேர்ந்த கலவையில் நட்டு, மழைநீர், காய்ச்சி வடித்த நீர், ஆர்.ஓ. நீர் ஆகியவற்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். தொட்டியை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீர் நிற்கும் தட்டில் வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். பூச்சியுண்ணும் மற்றச் செடிகளான சாரசீனியாவுக்கும் சன்டியூவுக்கும் இதே முறைதான்.

கேள்வி: தொட்டியில் உள்ள கார்டீனியாவின் இளம் இலைகள் மஞ்சளாகின்றன, நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கின்றன. இரும்புச் சத்து கொடுத்தும் பயனில்லை. வினிகர் கலந்து ஊற்றச் சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளம் இரும்புக் குறைபாட்டுக்கே உரியது. ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்பதாக அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். கடின நீரில் உள்ள பைகார்பனேட் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக மண்ணின் பி.எச்.ஐ உயர்த்துகிறது, உயர உயர இரும்பு கரையாத நிலைக்குப் போய்விடுகிறது. வேருக்கு அருகிலேயே இருந்தும் அதை எடுத்துக்கொள்ள முடியாமல் செடி பட்டினி கிடக்கிறது. அசேலியாவுக்கும் எலுமிச்சை இனச் செடிகளுக்கும் இதே தொல்லைதான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீரின் பி.எச். வேறு, அதன் காரத்தாங்குதிறன், அதாவது அமிலத்தை முறிக்கும் ஆற்றல், வேறு. பி.எச். 8 உள்ள இரண்டு நீரில், ஒன்றில் பைகார்பனேட் மிகக் குறைவாகவும் மற்றதில் நிறையவும் இருக்கலாம். முன்னது மண்ணை மாற்றாது, பின்னது விடாப்பிடியாக மாற்றும். சிட்டிகை அமிலத்தில் முன்னதன் பி.எச். சட்டென்று இறங்கும், பின்னதோ அசையாது. அதனால்தான் "லிட்டருக்கு இத்தனை சொட்டு வினிகர்" என்ற பொது அளவு எதையும் நான் தருவதில்லை. உங்கள் நீரில் சிறிது சிறிதாகச் சேர்த்து, பி.எச். தாளில் 6 அளவுக்கு வரும்போது நிறுத்துங்கள். பைகார்பனேட்டை அமிலம் அப்போதைக்கு முறித்துவிடும். கால்சியம் நீரிலேயே இருக்கும். முடிந்தால் மழைநீருக்கு மாறுவதே நேர்வழி.

கொடுத்த இரும்பு வேலை செய்யாததற்கும் காரணம் இருக்கலாம். இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்க அதோடு பிணைக்கும் சேர்மத்தில் வகைகள் உண்டு. ஈ.டி.டி.ஏ. வகை இரும்பு, பி.எச். 6.5ஐத் தாண்டியதும் நிலைகுலையத் தொடங்கும், ஈ.டி.டி.எச்.ஏ. வகை கார மண்ணிலும் நிலைத்திருக்கும். பொட்டலத்தின் பின்புறம் எந்த வகை என்று பாருங்கள்.

கேள்வி: மழைநீரைச் சேமித்தால் எத்தனை நாள் வைக்கலாம்?

பதில்: வெளிச்சம் புகாத, மூடிய கலத்தில் மாதக்கணக்கில் வைக்கலாம், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், திறந்திருந்தால் கொசு முட்டையிடும். நெடுநாள் காய்ந்த கூரையின் முதல் மழை தூசையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வருவதால், அதை விட்டுவிட்டுப் பிறகு பிடியுங்கள். காற்றிலுள்ள கரியமிலவாயு கரைவதால் மாசற்ற மழைநீரின் பி.எச். ஏறக்குறைய 5.6 இருக்கும், இந்த மெல்லிய அமிலத்தன்மை கார்டீனியா, அசேலியா போன்ற செடிகளுக்கு உவப்பானது.

கேள்வி: ஆப்பிரிக்கன் வயலட்டின் இலைகளில் வெளிறிய வளையங்கள் தோன்றுகின்றன. நீரில் உப்பா?

பதில்: உப்பன்று, குளிர்ச்சி. இலையைவிடக் குளிர்ந்த நீர் இலைமேல் படும்போது அந்த இடத்துச் செல்கள் சிதைந்து வளையமாக வெளிறுகின்றன. நீர் அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை வைத்திருந்து, இலையை நனைக்காமல் ஊற்றுங்கள். முதல் கேள்வி கேட்டவர் வாளியில் நீரை இரவு முழுவதும் வைத்ததற்கு ஒரு பயன் உண்டென்றால் இதுதான்.

கேள்வி: மண்ணின் மேல் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுகிறது. சுரண்டி எடுத்தாலும் மீண்டும் வருகிறது.

பதில்: சுரண்டுவது கணக்கை மூடாது. நீங்கள் காண்பது மேலே வந்து உலர்ந்த உப்பு. அதைவிடப் பல மடங்கு மண்ணுக்குள் இருக்கிறது. சுட்ட மண் தொட்டியானால் வெளிப்புறச் சுவரிலும் அதே வெண்மை பூத்திருக்கும், தொட்டால் மாவாக விரலில் ஒட்டும். தட்டில் நீர் வைத்து அடியிலிருந்து மட்டுமே உறிஞ்ச விடுபவர்களின் தொட்டியில் இது விரைவாகவே தோன்றும், ஏனென்றால் அங்கே உப்பு மேலேறும் வழி உண்டு, கீழிறங்கும் வழி இல்லை. உரமும் உப்புதான் என்பதை மறக்க வேண்டாம். நீர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அளவு மீறிய உரம் இதே பொருக்கைக் கொண்டுவரும்.

பொருக்கோடு கூடிய மேல்மண்ணை அரை அங்குலம் எடுத்துவிட்டுப் புதுக் கலவை இடுங்கள். பிறகு, அடித் துளைகள் அடைபடாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டு, உப்பு குறைந்த நீரை, தொட்டியின் கொள்ளளவைப் போல் இரு மடங்கு, மெதுவாக, பலமுறையாக ஊற்றி முழுவதும் வடிய விடுங்கள். வடிந்த நீர் தட்டில் நின்றால் செடி அதையே திரும்பக் குடித்துவிடும், உடனே கொட்டுங்கள். மூன்று நான்கு மாதங்களுக்கு ஒருமுறை இப்படி அலசினால் போதும். மீட்டர் உள்ளவர்கள் முதலில் வடியும் நீரை ஒரு கிண்ணத்தில் பிடித்து அளந்து பாருங்கள். ஊற்றிய நீர் 115 ஆக இருக்க, வடிவது ஆயிரத்தைத் தாண்டினாலும் வியப்பதற்கில்லை. தொடர்ந்து ஊற்ற ஊற்ற அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். ஊற்றும் நீரின் எண்ணை நெருங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம்.